டினோஸ் தீவுக்குப் போய்வர: கோயில், பளிங்கு, சாப்பாடு – முழுமையான வழிகாட்டி

கிரீஸ் தீவு என்றதும் நம்மில் பலருக்கு சாந்தோரினி, மைக்கோனோஸ் என்ற இரண்டு பெயர்தான் வாயில் வரும். மைக்கோனோஸிலிருந்து கப்பலில் அரை மணி நேரம் போனால் டினோஸ் வந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களைவிட கிரேக்கர்களுக்கே நெருக்கமான தீவு இது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மகன் கடலுக்குப் போயிருக்கிறான், பரீட்சை முடிவு வரவேண்டும் என்றால் அவர்கள் வேண்டிக்கொள்வது இங்கே இருக்கும் மாதாவிடம்தான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் காலைக் கப்பலில் இறங்கி, கோயிலுக்குப் போய், மாலைக் கப்பலில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். சுமார் 194 சதுர கிலோமீட்டர் தீவு; மலைச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். பளிங்கு செதுக்குகிறவர்களும் கூடை முடைகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல சாப்பாடும் அங்கேதான். மூன்று இரவு ஒதுக்குங்கள். அதற்கும் குறைவாகப் போனால் துறைமுகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

எப்போது போவது

இதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

பெரிய திருவிழா ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாள். அன்று மாதாவின் திருவுருவப் படத்தைக் கோயிலிலிருந்து துறைமுகம்வரை ஊர்வலமாக எடுத்துவருவார்கள். வழிநெடுக மக்கள் வரிசையாகத் தரையில் படுத்துக்கொள்வார்கள்; படம் அவர்கள் தலைக்கு மேலாகக் கடந்து போகும். பக்திக்காகவே போகிறவர்கள் இந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அறையும் கப்பல் டிக்கெட்டும் பல மாதம் முன்பே எடுத்திருக்கவேண்டும். இடம் கிடைக்காதவர்கள் கோயில் முற்றத்திலும் தெருவோரத்திலும் போர்வை விரித்துத் தூங்குவார்கள். ரோமா (ஜிப்ஸி) குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்குவதும் இந்தச் சமயத்தில்தான்.

மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். கிரீஸின் விடுதலை நாளும் அதுவே. ஜனவரி 30 படம் கண்டெடுக்கப்பட்ட நாள், ஜூலை 23 அந்தப் படம் இருக்கும் இடத்தைச் சொன்ன கன்னியாஸ்திரி பெலாகியா கண்ட காட்சியை நினைவுகூரும் நாள். இந்த இரண்டும் சற்றுச் சிறிய திருவிழாக்கள். ஈஸ்டர் வாரமும் இங்கே விசேஷம். இந்தத் தீவில் ஆர்த்தடாக்ஸ்காரர்களோடு கத்தோலிக்கர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். பெரிய வெள்ளி இரவில் நகரத்தின் பல கோயில்களிலிருந்து இயேசுவின் அடக்க ஊர்வலங்கள் புறப்பட்டு வந்து துறைமுகத்தில் ஒன்றுகூடும். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் தேதி நம் நாட்காட்டியில் இருப்பதிலிருந்து பெரும்பாலும் மாறும். 2027இல் அது மே 2.

கூட்டம் வேண்டாம், தீவைப் பார்க்கவேண்டும், நன்றாகச் சாப்பிடவேண்டும் என்றால் மே மாதமும் ஜூன் தொடக்கமும்தான் என் தேர்வு. மலை பச்சையாக இருக்கும், ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயின் பருவம் முடிந்திருக்காது. அதை விட்டால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்தேமி’ என்ற வடகாற்று வீசும். காற்றின் தலைவன் ஏயோலஸ் இங்கேதான் வாழ்ந்தான் என்று கதை சொல்கிற அளவுக்கு டினோஸில் அதன் வேகம் பெரிது. குளிர்காலத்தில் கப்பல்கள் குறைவு, பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

விசா, விமானம், கப்பல்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் போவதென்றால் கடைசி மாதம்வரை தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். டினோஸில் விமான நிலையம் இல்லாததால், ஏதென்ஸ் போய்ச் சேரும் விமான டிக்கெட்டோடு தீவில் தங்கும் இடத்தின் முன்பதிவையும் சேர்த்துக் கொடுத்தால் பயணத் திட்டம் தெளிவாக இருக்கும்.

ஏதென்ஸிலிருந்து கப்பல் ஏற இரண்டு துறைமுகங்கள் உண்டு. பலரும் பிரேயஸ் என்றே பழகிவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேராகத் தீவுக்குப் போகிறவர்களுக்கு ரஃபினாதான் வசதி. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நேரடிப் பேருந்தும் உண்டு, கடல் பயணமும் குறைவு. ரஃபினாவிலிருந்து சாதாரணக் கப்பல் ஏறக்குறைய நாலு மணி நேரம், அதிவேகப் படகு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஏதென்ஸ் நகரத்தில் ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போகிறீர்கள் என்றால் பிரேயஸ் போங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் பாதை இப்போது பிரேயஸ்வரை ஒரே ரயிலாகப் போகிறது.

விலை, நேரம் இரண்டையும் பார்த்து, நான் சாதாரணக் கப்பலையே சொல்வேன். அதிவேகப் படகில் மூடிய இருக்கையில் உட்கார்ந்திருக்கவேண்டும், கடல் கொந்தளித்தால் வயிற்றைப் புரட்டும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் நிற்கலாம். காற்று ஏறும்போதும் அதிவேகப் படகைத்தான் முதலில் ரத்து செய்வார்கள்.

டினோஸில் கப்பல் சில நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு இறங்கிவிடுங்கள். கப்பல் நின்ற பிறகு எழுந்து போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் மைக்கோனோஸில்தான் இறங்கவேண்டிவரும்.

எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

வண்டி ஓட்டமாட்டீர்கள் என்றால் துறைமுக நகரமான ஹோராவில் தங்குங்கள். பேருந்துகள் எல்லாம் துறைமுகத்தின் அருகிலிருந்தே புறப்படுகின்றன. பளிங்குக் கிராமமான பிர்கோஸுக்குப் போகும் பேருந்து வழியில் பல கிராமங்களைத் தொட்டுப் போகிறது. கோடைக்கு வெளியே பேருந்துகள் குறைவு. போகும்போதே திரும்பும் நேரத்தையும் ஓட்டுநரிடம் கேட்டுவையுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் தீவு முழுக்க உங்கள் கையில். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். வண்டி வலதுபுறமாகப் போகவேண்டும், சாலை குறுகல், திருப்பத்தில் ஆடு நிற்கும். ஸ்கூட்டர் வேண்டாம் என்பேன். அந்தக் காற்றில் மலைமுகட்டுச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவது ஆபத்து.

நடக்க விருப்பமுள்ளவர்களுக்கு, கிராமத்துக்குக் கிராமம் இணைக்கும் பழைய கல்பாவிய பாதைகள் இருக்கின்றன. அடையாளம் இட்டுவைத்த பாதைகள் மொத்தம் 150 கிலோமீட்டருக்கும் மேல்.

முதல் நாள்: கோயில்

அதிகாலையில் போங்கள். காலைக் கப்பல் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன்னால் கோயில் அமைதியாக இருக்கும்.

துறைமுகத்திலிருந்து மெகாலோஹாரிஸ் என்ற அகலமான சாலை நேராக மேடேறிக் கோயில் வாசலில் முடிகிறது. முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். சாலையோரமாக, கீழிருந்து மேல்வரை ஒரு விரிப்பு போட்டிருப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் துறைமுகத்திலிருந்தே முழங்காலிட்டு அதன்மேல் ஏறிப்போவார்கள். சிலர் முழங்காலில் பட்டை கட்டியிருப்பார்கள், சிலர் அதுவும் இல்லாமல் வருவார்கள். கூட வரும் தங்கையோ மகனோ தண்ணீர்ப் புட்டியோடு பக்கத்தில் நடந்து வருவார்கள். விரிப்பின் குறுக்கே நடக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அவரவர் துயரத்தோடு போகிறார்கள்.

கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இன்னும் நன்றாகப் புரியும். கிரேக்கர்கள் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்து எழுந்தது 1821இல். அடுத்த ஆண்டு, 1822 ஜூலையில், கெக்ரோவூனி மடத்துக் கன்னியாஸ்திரி பெலாகியாவின் கனவில் மாதா தோன்றி, ஒரு வயலில் புதைந்திருக்கும் தன் படத்தை எடுக்கச் சொன்னதாக நம்பிக்கை. தோண்டினார்கள். பழைய கோயில் ஒன்றின் இடிபாடுகள் கிடைத்தன. 1823 ஜனவரி 30 அன்று வேலையாள் ஒருவரின் மண்வெட்டி பட்டு, படம் இரண்டாகப் பிளந்த நிலையில் வெளியே வந்தது. போராட்டத்தின் நடுவில் கிடைத்ததால், நாடு பிறக்கப்போவதன் அறிகுறியாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு கோயில் வேலை தொடங்கியது. பெலாகியாவுக்கு 1970இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

வாசலில் மெழுகுவர்த்தி எடுத்துக்கொள்ளலாம். விரல் நீளத்திலிருந்து ஆளுயரம்வரை உண்டு. உள்ளே போனால் படம் எங்கே என்று முதலில் தெரியாது. நகைகளாலும் முத்துகளாலும் முழுக்கப் போர்த்தியிருப்பதால் ஓவியமே கண்ணில் படாது. வரிசையில் நின்று, குனிந்து முத்தமிட்டுவிட்டு நகரவேண்டும். முத்தமிட விருப்பமில்லை என்றால் தலை வணங்கிவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

பிறகு தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கூரையிலிருந்து வெள்ளி விளக்குகளும் நேர்த்திக்கடன் பொருள்களும் தொங்கும். புயலில் தப்பியவர்கள் கொடுத்த கப்பல்கள் நிறைய. அதில் ஒரு கப்பலின் அடியில் மீன் ஒன்று இருக்கும். ஓட்டை விழுந்த கப்பலைப் பெரிய மீன் வந்து அடைத்துக் காப்பாற்றியது என்பது கதை. வெள்ளி ஆரஞ்சு மரம் ஒன்றையும் தேடுங்கள். பார்வையில்லாத ஒருவர், பார்வை திரும்பினால் முதலில் காண்பதை வெள்ளியில் செய்து தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். அவர் கண்ணில் முதலில் பட்டது ஆரஞ்சு மரம்.

கோயிலுக்குக் கீழே படம் கிடைத்த இடமே ஒரு சிற்றாலயமாக இருக்கிறது. தீர்த்தமும் மண்ணும் அங்கே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ‘எல்லி’ போர்க்கப்பலின் நினைவிடம். 1940 ஆகஸ்ட் 15, திருவிழாவுக்காக அலங்கரித்துத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. கரையில் யாத்ரீகர்கள் நிறைந்திருந்தார்கள். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 28 அன்று கிரீஸ் போருக்குள் இழுக்கப்பட்டது. கிரேக்கர்கள் இந்த இடத்தில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இறங்கும்போது அதே சாலையில் வராமல், பக்கத்துக் கடைத்தெருவான எவாங்கெலிஸ்திரியாஸ் வழியாக வாருங்கள். சாம்பிராணி, தீர்த்தப் புட்டி, கண், கால், குழந்தை உருவம் அச்சடித்த வெள்ளித் தகடு எல்லாம் இங்கே விற்கும். மாலையில் நேரமிருந்தால் கெக்ரோவூனி மடத்துக்குப் போங்கள். வெள்ளைச் சுவர்களும் குறுகிய சந்துகளுமாக, சுவருக்குள் ஒரு சின்ன ஊர்போல இருக்கிறது. பெலாகியா வாழ்ந்த சிற்றறையைப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: பிர்கோஸ், முழு நாளும்

டினோஸில் ஒரே ஒரு கிராமத்துக்குத்தான் நேரம் என்றால் தயங்காமல் பிர்கோஸ் போங்கள். துறைமுகத்திலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே பேருந்து நிறுத்தம் பளிங்கில் இருக்கும். கல்லறை, நீரூற்று, வாசற்படி எல்லாமே பளிங்குதான். வீட்டு வாசல்களுக்கு மேலே பாருங்கள்: அரைவட்டப் பளிங்குப் பலகையைக் குடைந்து கப்பல், சூரியன், சைப்ரஸ் மரம், பறவை என்று செதுக்கியிருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் உள்ளே போவதற்காக வைத்த திறப்பு அது. வீட்டுக்குக் கெட்டது அண்டாது என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. தெருவில் நின்று பார்த்துவிட்டு நகராமல், வெயில் இருக்கும்போது வீட்டுக்காரர் அனுமதித்தால் உள்ளே போய்ப் பாருங்கள். செதுக்கிய உருவத்தின் நிழல் கூடத்துத் தரையில் விழுந்திருக்கும்.

ஊர் மேட்டில் இருக்கும் பளிங்குக் கைவினை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 2008இல் திறந்தது. சிலைகளைவிட வேலையைக் காட்டும் இடம் இது. மலையிலிருந்து பாளத்தை எப்படிப் பிளந்தார்கள், எப்படிச் சரிவில் இறக்கினார்கள், எந்த உளி எதற்கு என்று ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்கள். கூர்முனை உளி கல்லை உடைத்தெடுக்க, பல்லுளி மட்டம் பிடிக்க, தட்டை உளி கடைசி மெருகுக்கு. இதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் போனால் பட்டறையில் கேட்கும் சத்தத்தை வைத்தே வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

டினோஸ் பளிங்குக் கைத்தொழில் 2015இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் இப்போது பெண்களும் உளி பிடிக்கிறார்கள். ஊரிலேயே 1955இல் தொடங்கிய கலைப்பள்ளி ஒன்று மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது.

யன்னூலிஸ் ஹலேபாஸ் (1851–1938) பிறந்த வீடு ஊர் முகப்பிலேயே இருக்கிறது. நவீன கிரீஸின் மிகப்பெரிய சிற்பி என்று பலர் சொல்வார்கள். ஏதென்ஸின் ‘முதல் கல்லறைத் தோட்டத்தில்’ ஒரு சமாதிக்காக அவர் செதுக்கியதுதான் ‘உறங்கும் பெண்’ சிலை. இளம் வயதில் மனநோய் வந்து, பல ஆண்டு கோர்ஃபு மனநல மருத்துவமனையில் இருந்தார். ஊருக்குத் திரும்பியபின், சிற்பம்தான் மகனைக் கெடுத்தது என்று நம்பிய தாய் அவர் செய்ததையெல்லாம் உடைத்துப் போட்டார். தாய் 1916இல் இறந்த பிறகு, அறுபத்தைந்து வயதில், மறுபடி செய்யத் தொடங்கினார். அந்தச் சின்ன அறைகளையும் அவர் படுத்த கட்டிலையும் பார்த்துவிட்டு ஊர் மைதானத்துக்கு வந்தால் உடனே பேச்சு வராது.

மைதானத்தில் பெரிய பிளேன் மரம், அதன் நிழலில் மேசைகள். அங்கே உட்கார்ந்து கலக்தோபூரெகோ சாப்பிடுங்கள். மெல்லிய மாவுத்தாள்களுக்கு நடுவே பால் ரவைக் கூழ் வைத்து, பாகு ஊற்றிய இனிப்பு.

பளிங்கு வாங்குவதாக இருந்தால் பட்டறையில் வாங்குங்கள், துறைமுகக் கடையில் வேண்டாம். பளிங்குத்தூளையும் பிசினையும் கலந்து அச்சில் வார்த்த பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் செதுக்கியதில் உளித்தடம் இருக்கும், வார்த்ததில் குமிழித் துளைகள் இருக்கும். கல்லில் கை வைத்தால் சில்லென்று இருக்கவேண்டும். கைவேலைக்குப் பேரம் பேசுவது அங்கே வழக்கமில்லை.

மாலையில் கீழே பனோர்மோஸ் துறைக்கு இறங்கி மீன் சாப்பிடலாம். திரும்பும் வழியில் இஸ்தெர்னியா, கார்டியானி இரண்டும் மலை விளிம்பில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர்கள்.

மூன்றாம் நாள்: புறாமாடமும் கூடையும்

காலையில் புறாமாடங்களைப் பார்க்கத் தரம்படோஸ் கிராமம். வெனிஸ்காரர்கள் இந்தத் தீவை 1207இலிருந்து 1715வரை வைத்திருந்தார்கள். புறா வளர்ப்பு அவர்கள் காலத்தில் பரவியது. இறைச்சிக்கும் உரத்துக்கும் புறா. கீழ்த்தளத்தில் விவசாயக் கருவிகள், மேல்தளத்தில் புறா. மேல் சுவரில் தட்டைக் கற்களை அடுக்கியே முக்கோணம், சாய்சதுரம், சூரியன் என்று கோலமிட்டிருப்பார்கள். வடகாற்று படாத பள்ளத்தாக்காகப் பார்த்துக் கட்டினார்கள் என்பதால், காற்றடிக்கும் நாளில் போனாலும் அங்கே அமைதியாக இருக்கும்.

பிறகு கூடை முடையும் வோலக்ஸ் கிராமம். ஊரைச் சுற்றிலும் யானைப் பருமனில் உருண்டைக் கருங்கற்கள், வீடுகளே பாறைமேல் சாய்ந்து நிற்கின்றன. சிறிய கத்தோலிக்க ஊர். கூடை முடைவது இங்கே பரம்பரைத் தொழில். இப்போது செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான். பாலாடைக் கட்டியை வடிய வைக்கும் கூடை, திராட்சை சுமக்கும் கூடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். பட்டறை திறந்திருந்தால் ஒன்று வாங்குங்கள். எடையே இருக்காது, கையில் எடுத்துவரலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதவுகளில் கவிதை வரிகள் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

தெம்பு இருந்தால் எக்ஸோம்வூர்கோ பாறை ஏறலாம். வெனிஸ்காரர்களின் கோட்டை இருந்த இடம். மேலே சிலுவையும் காற்றும்தான். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

ஆர்ட்டிசோக் டினோஸின் பெருமை. வசந்தத்தில் முட்டையோடு பொரித்தோ, பச்சையாக எலுமிச்சை பிழிந்தோ தருவார்கள். மற்ற மாதங்களில் எண்ணெயில் ஊறவைத்தது கிடைக்கும். காய்ந்த தக்காளி வடையும் பெருஞ்சீரகக் கீரை வடையும் கேளுங்கள். பாலாடைக் கட்டியில் கோபனிஸ்தி மிளகுபோலக் காரம். ரொட்டியில் கொஞ்சமாகத் தடவிப் பாருங்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் ‘லூசா’வை விடவேண்டாம். பன்றியிறைச்சியை ஒயினிலும் பெருஞ்சீரகத்திலும் ஊறவைத்துக் காற்றில் உலர்த்தியது அது. மெல்லிசாகச் சீவித் தருவார்கள். உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் போட்ட கனமான முட்டை அடை ‘ஃபுர்தாலியா’, இரண்டு பேருக்குப் போதும்.

சைவர்களுக்கு இரண்டு வார்த்தைகள் போதும். ‘லாதேரா’ என்றால் ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி. ‘நிஸ்தீசிமா’ என்றால் நோன்பு உணவு: இறைச்சி, முட்டை, பால் இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் நோன்பில் சேர்த்திதான். அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் 1 முதல் 14வரை மாதா நோன்பு என்பதால் அந்த நாள்களில் இந்தப் பதார்த்தங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குமேல். மதியம் இரண்டிலிருந்து மாலை ஐந்தரைவரை பல கடைகள் மூடியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் சின்னக் குவளையில் ராக்கி என்ற மது வந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்காரர் உபசாரம். குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்து மறுத்தால் போதும்.

திரும்பும்போது

காற்றின் வேகத்தை அளக்கும் போஃபர்ட் அளவில் 8ஐத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் பெரும்பாலும் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே விமானம் ஏறும் நாளன்றே தீவிலிருந்து கிளம்பும்படி திட்டமிடாதீர்கள். முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள்.

ஹோராவில் கப்பல் நிற்கும் மேடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடை. காற்றைப் பொறுத்து மேடை மாறும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டிக்கெட் ஏஜென்சியில் கேட்டுவிட்டு அங்கே போய் நில்லுங்கள். பளிங்கைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். கோபனிஸ்தி குழைவாக இருப்பதால் விமான நிலையத்தில் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அதையும் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.